அந்துருண்டையின் பாதி

செத்துப்போன நண்பனுக்காக மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். கல்லறையில் பூ வைப்பார்கள், அவன் விட்டுப்போன நாயை வளர்ப்பார்கள். ஆரின் பாசெக் தன் நண்பனுக்காக மதிப்புரை எழுதினான். அதுவும் தன்னையே திட்டி.

ஏரிக்கரை நகரமான டொலிடோவின் வடகோடியில், ஒரு சலவைக்கடைக்கும் நகப்பூச்சுக் கடைக்கும் நடுவில் செருகி வைத்தாற்போல் இருந்தது வெர்னாவின் காமிக்ஸ் கடை. புதன்கிழமைதான் புது இதழ்கள் வரும். புதன் மதியம் ஆரினுக்குப் பல் வைத்தியரிடம் வேலை இருக்கும். வேலை பார்த்த காப்பீட்டு அலுவலகத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான். இத்தனை வருஷத்துப் புதன்கிழமைகளுக்குப் பிறகு அவன் வாயில் சொந்தப் பல் ஒன்றாவது மிச்சமிருக்குமா என்று மேலாளருக்குக் கவலை.

கடையின் பின்பக்கம் ஒரு மடக்கு மேசை, இரண்டு மடக்கு நாற்காலிகள். ஒன்றில் ஆரின், மற்றதில் டெல்மர் வாஸ். இருவரும் சேர்ந்து இணையத்தில் வாராவாரம் எழுதிய மதிப்புரைப் பத்திக்குப் பெயரும் ‘இரண்டு நாற்காலி’தான். பெயர் வைப்பதில் அவர்கள் ரொம்ப மெனக்கெடவில்லை. முறை எளியது. புது இதழைப் படித்துவிட்டு ஆரின் முதல் பாதி எழுதுவான். அதைப் படித்துவிட்டு டெல்மர் இரண்டாம் பாதி எழுதுவான், நேர் எதிராக. இதழைப் பற்றித் தன் கருத்து என்னவென்று டெல்மருக்கு ஆரினின் பாதியைப் படித்த பிறகுதான் தெரியும். ஆரினை அவன் ‘பண்டிதர்’ என்பான். தனக்கு ‘அந்துருண்டை’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டான். அவனுடைய பழைய இதழ்ப் பெட்டிகளில் அந்த வாடைதான் அடிக்கும். வாசகர்களுக்கு அவனை அந்தப் பெயரில் மட்டுமே தெரியும். பண்டிதரைப் பொறுத்துக்கொண்டு அந்துருண்டைக்காகவே படிக்கிறோம் என்று வாசகர்கள் வெளிப்படையாகவே எழுதுவார்கள். ஆரினும் அதற்காகத்தான் படித்தான்.

ஜனவரிக் கடைசியில் டெல்மர் நெஞ்சு வலியென்று ஆஸ்பத்திரியில் படுத்தான். அந்தப் புதன்கிழமை இரண்டாம் பாதியையும் ஆரினே எழுதிப் போட்டான். கட்டிலில் கிடந்தபடி டெல்மர் அதைப் படித்துவிட்டு, “நான் இவ்வளவு மோசமாவாடா எழுதறேன்?” என்று சிரித்தான். வீடு திரும்பியவனைப் பிப்ரவரியில் மறுபடி ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அன்றே போய்விட்டான்.

அடுத்த புதன் ஆரின் அஞ்சலி எழுத உட்கார்ந்தான். எழுந்தபோது அது அந்துருண்டையின் வழக்கமான நக்கலாக இருந்தது. அப்படியே போட்டுவிட்டான். சவ அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் எல்லாரும் பன்றித்தொடை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தபோது டெல்மரின் மனைவி நடீன் அவனிடம் வந்தாள்.

“இந்த வாரமும் அவர் எழுதினது வந்திருக்கே, எப்படி?”

வாயில் இருந்ததை விழுங்கியபோதே ஒரு பொய்யும் தயாராகிவிட்டது. “எழுதி வச்சுட்டுப் போயிருக்கான் நடீன். நிறைய இருக்கு.”

“நிறையவா?”

“நிறைய.”

வாராவாரம் புது இதழ் வரும் தொழிலில் இந்தப் பொய்க்கு ஆயுள் ஒரு மாதம் இருந்தாலே அதிகம். ஆரினைக் காப்பாற்றியது பதிப்பகம். அந்த வசந்தத்தில் அவர்கள் தங்கள் நாயகர்களின் இதழ்களை எல்லாம் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, மறுபடி ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்கினார்கள். இதுவரை நடந்ததெல்லாம் நடக்கவே இல்லை என்று அறிவித்தார்கள். செத்தவர்கள் எழுந்தார்கள். கல்யாணமானவர்கள் பிரம்மச்சாரிகள் ஆனார்கள். பிள்ளைகள் பிறக்கவே இல்லை. வாசகர்கள் சட்டையைக் கிழித்துக்கொள்ளாத குறை. ஆரினும் தன் பாதியில் பதிப்பகத்தாரைக் கிழி கிழியென்று கிழித்தான். மனசுக்குள் மட்டும் அவர்களுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தான். ஏனென்றால் நடீன் வாழ்நாளில் ஒரு காமிக்ஸ் படித்தவள் இல்லை. மதிப்புரைக்கு மேலே ‘இதழ் எண் 1’ என்று பார்த்ததும், அவை அந்தக் காலத்து முதல் இதழ்கள் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

“பாரேன் ஆரின், எல்லாத்தையும் முதல் நம்பர்லேருந்து படிச்சு எழுதி வச்சிருக்கார். என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடியே எழுதினதா இருக்கும்,” என்றாள் தொலைபேசியில்.

“ஆமா நடீன். இருக்கும்.”

ஒரு சின்னப் பொய்யைக் காப்பாற்ற ஒரு பெரிய பதிப்பகம் தன் முழுச் சரித்திரத்தையும் கலைத்துப் போட்டதே என்று ஆரினுக்கு லேசாகக் கர்வம்கூட வந்தது.

புதிதாகத் தொடங்கியவற்றில் கடைசியாக, இலையுதிர்காலத்தின் முடிவில்தான், வாரம் ஓர் இதழாக ‘தாழ்ப்பாள்’ வந்தது. டெல்மரின் செல்ல நாயகன். மூன்றாந்தர நாயகன் என்பதே மரியாதைக்குச் சொல்வது. பறக்க வராது, கண்ணில் தீ வராது; எந்தக் கதவும் அவனிடம் பூட்டிக்கொள்ளாது, அவ்வளவுதான். பழைய கதையில் ஏதோ ஒன்று வெளியே வராமல் தடுக்க ஒரு கதவுக்கு உட்பக்கமாக முதுகைக் கொடுத்து நின்று செத்துப்போனான். இப்போது இளைஞனாகத் தாடியோடு வந்து நின்றான், ஒரே இதழுக்கு நான்கு விதமான அட்டைகளில். டெல்மர் இருந்திருந்தால் காறித் துப்பியிருப்பான். ஆகவே ஆரின் தன் பாதியில் புகழ்ந்து தள்ளிவிட்டு, டெல்மரின் பாதியைத் தொடங்கினான்.

அது சுலபமாக வந்தது. தன் பாதிக்கு மணிக்கணக்காக நகம் கடிப்பவன் ஆரின். இதுவோ குழாயைத் திறந்தாற்போல் வந்தது. ‘எல்லாக் கதவையும் திறப்பாராம். எங்க கராஜ்ல இருக்கற ஐஸ் பெட்டியோட கதவு, கீழ ஒரு செங்கல் முட்டுக் குடுக்கலேன்னா மூடாது. அதை மூடிக் காட்டட்டும், அப்புறம் நாயகன்னு ஒத்துக்கறேன்.’ செங்கல் ஆரினின் கற்பனை. கொஞ்சம் வீட்டு வாடை சேர்க்கலாமே என்று போட்டது.

மறுநாள் நடீன் கூப்பிட்டுச் சிரித்தாள். “அந்தச் செங்கல் இன்னும் இருக்கு, தெரியுமா?”

டெல்மர் எப்போதோ சொல்லியிருப்பான், மறந்திருப்போம் என்று ஆரின் நினைத்துக்கொண்டான். இரண்டாம் இதழுக்கு, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் நீலக் கோட்டின் பையில் போன வருஷத்து மீன்பிடி உரிமம் கிடப்பதாக எழுதினான். நடீன் அந்தக் கோட்டை முகத்தில் வைத்துக்கொண்டு அழுததாகச் சொன்னாள். உரிமம் இருந்ததா என்று கேட்க ஆரினுக்குத் தைரியம் வரவில்லை. அவளாகவே சொன்னாள், இருந்தது.

மூன்றாம் இதழ் முழுக்க இருட்டில் வரைந்திருந்தார்கள். ‘படிக்க வெளிச்சமே இல்ல,’ என்று எழுதிற்று ஆரினின் கை. ‘என் நாற்காலிய ஜன்னலோரம் நகர்த்தினது நல்ல காரியம்தான். ஆனா முதுகு குளிருது.’ நல்ல வரி என்று ரசித்துவிட்டுப் பிரசுரித்தான்.

அதற்கடுத்த புதன்கிழமை நடீன் கடைக்கு வந்தாள். அங்கே அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. வெளியே ஏரிக் காற்றில் ஈரப்பனி சாய்வாக விழுந்துகொண்டிருந்தது.

“அடியம்மா, நடீனா!” வெர்னா கல்லாவிலிருந்து எழுந்தாள். “பாத்து வா, கீழ பெட்டி. கட்டிக்கிட்டவர் இத்தனை வருஷம் இங்கயே கெடந்தார், நீ எட்டிக்கூடப் பாத்ததில்ல.”

“வந்திருந்தா இழுத்துட்டுப் போயிருப்பேன். அதான் வரல.”

நடீன் நேரே பின்பக்கம் வந்து டெல்மரின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றவில்லை.

“ஆரின், வீட்டுல அவர் நாற்காலிய நான் நகர்த்தினது ஆகஸ்டுல.”

ஆரின் மேசையைப் பார்த்தான். மேசையில் அன்று வந்த நான்காம் இதழ் இருந்தது.

“அவர் போய் ஆறு மாசம் கழிச்சு,” என்றாள். “எப்ப எழுதினார் அத?”

“அவன் எழுதல. நான்தான் எழுதினேன். எல்லாத்தையும்.” சொன்னதும் காது சுட்டது. “அவன் ஒண்ணும் எழுதி வைக்கல நடீன். அந்த முதல் இதழ்லாம் பழசு இல்ல. புதுசா மறுபடி நம்பர் போட்டது.”

“சரி. நாற்காலி?”

“அது... சும்மா வந்துச்சு.”

“சும்மா எப்படி வரும்? எங்க வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்தியா?”

“சத்தியமா இல்ல! உங்க தெருப் பக்கமே நான் வந்து...”

“அது தெரியும். வந்திருந்தா ஒரு காபியாவது குடுத்திருப்பேன்.”

வெர்னா விலைச்சீட்டு ஒட்டுவதை நிறுத்திவிட்டிருந்தாள். நடீன் கோபப்படுவாள் என்று ஆரின் காத்திருந்தான். அவள் கோபப்படவில்லை. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

“அப்ப அவர்கிட்ட ஒண்ணு கேக்கணும்,” என்றாள்.

“நடீன்...”

“அன்னிக்கு ஆஸ்பத்திரில காரை நகர்த்தி வைக்கச் சொன்னாங்க, கீழ போனேன். திரும்பி வந்து பக்கத்துல உக்காந்தேன். கண்ணு மூடியிருந்துச்சு, தூங்கறார்னு நினைச்சேன். ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் நர்ஸ் வந்து தொட்டுப் பாத்துட்டுச் சொன்னா. நான் திரும்பி வந்தப்ப அவர் இருந்தாரா, இல்லையா? எனக்கு அது தெரியணும்.”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“கிட்டத்தட்ட அதே நேரம்தான் இருக்கும்னார். அவர் மரியாதைக்குச் சொன்னார். நேரத்தச் சொல்லல.”

வேறு வழி தெரியாமல் ஆரின் மடிக்கணினியைத் திறந்தான். வழக்கப்படி முதலில் தன் பாதி. நான்காம் இதழ் முழுவதும் ஒரே நடைக்கூடத்தில் நடந்தது. அதன் கோடியில் மூடிய கதவு. எந்தக் கதவையும் தொட்டதும் திறக்கும் தாழ்ப்பாள், இதை மட்டும் தொடாமல் நிற்கிறான். பக்கத்துக்குப் பக்கம் கொஞ்சம் நெருங்குகிறான். கடைசிப் பக்கத்தில் கதவில் காது வைக்கிறான். உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். கதவுப்பலகை அதிர்வது தெரிகிறது, ஆனால் ‘டொக் டொக்’ என்று ஓசை எழுத்து ஒன்றும் போடவில்லை. இப்படியொரு மௌனத்தைப் பார்த்ததே இல்லை என்று ஆரின் உருகி உருகி எழுதினான்.

பிறகு இரண்டாம் பாதி. நடீனின் மூச்சு தோளில் பட்டது. ஆரின் நல்லவனாக இருக்க முடிவு செய்தான். ‘நடீன் திரும்பி வந்தப்ப நான் இருந்தேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டது தெரிஞ்சுது. நிம்மதியாப் போனேன்.’

நடீன் படித்தாள். “இது நீ.”

“ஏன் அப்படிச் சொல்றீங்க?”

“நான் கையப் பிடிக்கல. அப்புறம், அந்த மனுஷன் நிம்மதின்னு ஒரு வார்த்தை வாயால சொன்னதே இல்ல.” கையை நீட்டி, அழிக்கும் விசையை அவளே அழுத்திப் பிடித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. “நல்லவனா இருக்காத ஆரின். சும்மா எழுது.”

வெற்றுத் திரை. ஆரின் விரல்களை விசைகள் மேல் வைத்தான். பிறகு கை தொடங்கிற்று.

‘கடைசிப் படத்துல ஓசை இல்லன்னு பண்டிதர் கண்ணத் தொடச்சுக்கறார். ஓசை எழுத்துப் போடற ஆளு அன்னிக்கு லீவு, அவ்வளவுதான். கதைய எழுதினவனுக்கு இன்னொண்ணும் தெரியல. வெளிய நிக்கறவனுக்குத்தான் ஒண்ணும் கேக்காது. உள்ள இருக்கறவனுக்கு எல்லாமே கேக்கும். சாவிக்கொத்த மேசை மேல போட்டது கேட்டுது. அப்புறம் ஒரு அம்மணி என் சாப்பாட்டுத் தட்டுலேருந்து பச்சை ஜெல்லிய எடுத்து, மூடியக் கிழிச்சு, என் கரண்டியாலயே தின்னாங்க. கண்ணத் திறந்து கையில ஒண்ணு போடலாம்னு பாத்தேன், முடியல. அடியில வழிச்ச சத்தம் வரைக்கும் கேட்டேன். அதுக்கப்புறம்தான் ஒண்ணும் கேக்கல.’

ஆரின் படித்துப் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. மன்னிப்புக் கேட்கத் திரும்பினான். நடீன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“என்ன ஜெல்லி?” என்றாள் வெர்னா. எப்போது பின்னால் வந்து நின்றாளோ.

“யார்கிட்டயும் சொல்லல,” என்றாள் நடீன். “என் தங்கச்சிகிட்டகூட. காலையிலேருந்து நான் ஒண்ணும் சாப்பிடல, பசி. அவர் தூங்கறார்னு... அப்புறம் நர்ஸ் வந்து சொன்னப்ப அந்தக் கிண்ணம் என் கையில இருந்துச்சு. பொணத்துப் பக்கத்துல உக்காந்து வழிச்சுத் தின்னேனோன்னு இத்தனை மாசமா...”

அழப்போகிறாள் என்று வெர்னா தோளில் கை வைத்தாள். நடீன் அந்தக் கையைத் தட்டிவிட்டுத் திரையின் பக்கம் குனிந்தாள்.

“நீ அத தொடவே இல்லியே! எலுமிச்ச வாசனைன்னாலே மூஞ்சியத் திருப்பிப்ப!”

ஆரினின் விரல்கள் நகர்ந்தன. அவன் நகர்த்தவில்லை.

‘செர்ரி இருந்தா எலுமிச்ச வேண்டாம். செர்ரி இல்லன்னா எலுமிச்ச.’

“சாகப்போற நேரத்துல ஜெல்லிக்கா கணக்குப் பாத்த?”

‘வேற என்ன வேலை இருந்துச்சு?’

ஆரின் கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு மறந்தாற்போல் விரல்நுனி மரத்திருந்தது. அது அவனுக்கு வலிக்கவில்லை. வேறு யாருடைய கையோ போலச் சுறுசுறுப்பாக, டெல்மரின் வழக்கப்படி இரண்டே விரலால், ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தது. ஆரின் பத்து விரலாலும் தட்டப் படித்தவன்.

வெர்னா போய்க் கடைக் கதவின் பலகையை ‘மூடியிருக்கிறது’ என்று திருப்பி வைத்தாள். சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதியபோதுகூட அவள் புதன்கிழமையில் அதைச் செய்ததில்லை. கண்ணாடிக்கு வெளியே யாரோ வாடிக்கையாளர் வந்து தட்டினார். மூவரும் துள்ளி விழுந்தார்கள். தட்டியவர் போய்விட்டார்.

சண்டை ஜெல்லியிலிருந்து காருக்குப் போயிற்று. காரை முதலில் ஒழுங்காக நிறுத்தியிருந்தால் கீழே போயிருக்கவே வேண்டாமே என்று விரல்கள் கேட்டன. ஆம்புலன்ஸ் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தவளுக்குக் கோடு பார்த்து நிறுத்த எங்கே நேரம் என்று நடீன் கத்தினாள். அங்கிருந்து மாமியார், அங்கிருந்து முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மீன்பிடிப் பயணம். நடுவில் ஆரின், தொலைபேசிக் கம்பி மாதிரி.

“நடீன்,” என்றான் மெதுவாக, “எனக்கு பாத்ரூம் போகணும்.”

‘பண்டிதர விட்டுரு,’ என்றன விரல்கள். ‘அவருக்கு எப்பவுமே சின்ன மூத்திரப் பை.’

நடீன் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அதுவும் நின்றது. கோட்டுப் பையிலிருந்து கசங்கிய காகிதத் துவாலையை எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

“சரி. நான் வந்தப்ப இருந்திருக்க. அது போதும்.” துவாலையை மடித்துக்கொண்டே சொன்னாள்: “உன்னோடத எடுத்துத் தின்னதுக்கு மன்னிச்சுக்க.”

திரையில் கோடு மின்னி மின்னி நின்றது. வெகுநேரம். பிறகு, இதுவரை ஓங்கித் தட்டிய விரல்கள் விசை நோகாமல் தட்டின.

‘நல்லா இருந்துச்சா?’

“ம்,” என்றாள் நடீன். “நல்லாத்தான் இருந்துச்சு.”

ஆரினின் கைகள் மடியில் விழுந்தன. அவை தன்னுடையவைதானா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டு, கழிப்பறைக்கு ஓடினான்.

திரும்பி வந்தபோது நடீன் கிளம்பி நின்றாள். “அதப் போட்டுடாத,” என்றாள்.

“மாட்டேன்.”

“ஞாயித்துக்கிழமை சாப்பிட வா. அவர் பேர்ல எதாவது எழுதணும்னு தோணுச்சுன்னா, எழுதாம எங்கிட்ட வந்து சொல்லு.”

வெர்னா அவளைக் கார் வரைக்கும் குடை பிடித்துக் கொண்டுபோய் விட்டாள். ஆரின் தனியே உட்கார்ந்து அந்தப் பாதியை அழித்தான். பயந்துகொண்டே மறுபடி விரல்களை விசைமேல் வைத்தான். பத்து விரலும் அவன் சொன்னபடி கேட்டன. நகம் கடித்து, அடித்துத் திருத்தி, கடைசியில் இரண்டாம் பாதிக்கான இடத்தில் தன் பெயரைப் போட்டே எழுதினான்: நீங்கள் அந்துருண்டை என்று அறிந்த டெல்மர் வாஸ் கடந்த பிப்ரவரியில் காலமானார். இனி இந்தப் பத்தியில் ஒரு நாற்காலிதான்.

மாலைக்குள் பத்தியின் கீழே வாசகர்கள் குவிந்துவிட்டார்கள்.

‘எந்த இதழ்ல திரும்பி வர்றார்?’

‘உடம்பக் காட்டினாங்களா? உடம்பக் காட்டலேன்னா சாவு கணக்குல வராது.’

‘அடுத்த முதல் நம்பர்ல தாடியோட வருவார் பாருங்க.’

ஆரின் பொறுமையாக ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினான். உண்மையிலேயே இறந்துவிட்டார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ‘பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா?’ என்று ஒருவர் கேட்டார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பதிப்பகம் அவர்களை அப்படிப் பழக்கியிருந்தது. கடைசியில் ஒருவர், அப்படியானால் பிப்ரவரியிலிருந்து எழுதியது யார் என்று கேட்டார்.

நான்தான், என்று ஆரின் பதில் போட்டான். உடனே மறுப்பு வந்தது. அதற்குக் கீழே நூற்றுக்கணக்கானோர் வரிசையாக வந்து ஆமோதித்தார்கள்.

‘சும்மா இருங்க பண்டிதரே. உங்களுக்கு அவ்வளவு நல்லா எழுத வராது.’

தோளுக்கு மேலாக வெர்னா படித்தாள். “என்னப்பா பதில் சொல்லப்போற?”

ஆரின் பிப்ரவரியிலிருந்து வந்த இரண்டாம் பாதிகளை எல்லாம் திறந்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தான். அவற்றில் தன்னுடைய வரி என்று சொல்லிக்கொள்ள ஒன்றாவது கிடைக்குமா என்று தேடினான். வெர்னா அவனுக்கு ஒரு காபி வைத்துவிட்டு, வாசல் பலகையைத் ‘திறந்திருக்கிறது’ என்று திருப்பி வைக்கப் போனாள்.